கையால் தைத்த புல்லட் சீட்டை பெங்களூரு சந்தையில் விற்க ஜிஎஸ்டி எண் வேண்டுமா?

கேள்வி: வாணியம்பாடியில் சின்னப் பட்டறை வைத்து புல்லட், யெஸ்டி போன்ற வண்டிகளுக்கு அசல் தோலில் கையால் சீட் தைத்துக் கொடுக்கிறேன். உதவிக்கு ஒரு பையன். வருடத்துக்குப் பதினோரு லட்சம் ரூபாய் வியாபாரம், எல்லாம் தமிழ்நாட்டுக்குள்தான். ஜிஎஸ்டி பதிவு இல்லை. பெங்களூருவில் பழைய பைக் வைத்திருப்பவர்கள் கூடி உதிரி பாகங்களை விற்கவும் மாற்றிக்கொள்ளவும் நடத்தும் ஒருநாள் சந்தையில் ஸ்டால் போடக் கூப்பிட்டிருக்கிறார்கள். சீட் ஒன்று 6,000 ரூபாய் வீதம் 20 சீட் கொண்டுபோகலாம் என்றிருக்கிறேன். ஒரு ஏஜென்ட், ‘கைவினைப் பொருளுக்கு ஜிஎஸ்டி பதிவே தேவையில்லை, கைவினைஞர் அட்டை வாங்கித் தருகிறேன், 6,000 ரூபாய் ஆகும்’ என்கிறார். இன்னொருவர், ‘என் ஜிஎஸ்டி எண்ணில் பில் போட்டுக்கொள், விற்பனையில் பத்து சதவீதம் கொடு’ என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இரண்டு பேர் பேச்சையும் கேட்காதீர்கள். முதல் ஆள் பாதி உண்மையைச் சொல்லிப் பணம் பார்க்கிறார். இரண்டாவது ஆள் செய்யச் சொல்வது குற்றம்.

இன்றைய தேதிக்கு உங்கள் மேல் தவறு ஒன்றும் இல்லை. தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்பவருக்கு வருட விற்பனை 40 லட்சத்தைத் தாண்டும்வரை பதிவு கட்டாயமில்லை. ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளிக்குள் நுழைந்த பிறகுதான் சிக்கல். சொந்தக் கடையோ பட்டறையோ இல்லாத வெளிமாநிலத்துக்குச் சரக்கைக் கொண்டுபோய் விற்பவருக்கு அந்த 40 லட்ச வரம்பு உதவாது. இருபது சீட் விற்றாலும் ஒரே ஒரு சீட் விற்றாலும் முதல் விற்பனைக்கு முன்பே பதிவு இருக்க வேண்டும். ‘நாற்பது லட்சம் வரைக்கும் கவலை இல்லை’ என்ற ஒரே வரியை நம்பி வண்டியில் சரக்கேற்றிவிட்டு, வழியில் மறித்த பிறகு போன் செய்கிறவர்கள் ஏராளம். அந்த நேரத்தில் என்னால் செய்ய முடிவது கொஞ்சம்தான்.

அடுத்தது கைவினைப் பொருள் விலக்கு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் தோல் வேலை செய்கிறவர்களை ஏஜென்ட்கள் மடக்குவது இந்த இடத்தில்தான்.

விலக்கு இருப்பது உண்மை. 2018 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட 56/2018 அறிவிப்பின்படி, கைவினைப் பொருளை வெளிமாநிலத்துக்குக் கொண்டுபோய் அவ்வப்போது விற்பவர், மொத்த விற்பனை 20 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே பதிவு எடுக்க வேண்டாம். பான் எண் இருக்க வேண்டும், சரக்கோடு இ-வே பில் (சரக்கு போகும்போது கூடவே இருக்க வேண்டிய, இணையத்தில் எடுக்கும் சீட்டு) இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கையால் செய்த எதுவும் கைவினைப் பொருள் ஆகிவிடாது. அறிவிப்போடு ஒரு பட்டியல் உண்டு. பொருள் அந்தப் பட்டியலிலும் இருக்க வேண்டும், பெரும்பகுதி கைவேலையாகவும் இருக்க வேண்டும். ஓரிரு இடத்தில் மெஷின் தையல் ஓடியிருந்தால் பரவாயில்லை.

பட்டியலில் தோல் பொருட்களும் வருகின்றன: பை, பர்ஸ், சேணம், கடிவாளம், ஆடை. ஏஜென்ட் உங்களிடம் இந்த வரியைத்தான் செல்போனில் காட்டியிருப்பார். ‘சேணம் என்று போட்டிருக்கிறது பார், உன் சீட்டும் சேணம்தானே’ என்றிருப்பார். அந்த வரிக்கு எதிரே, பொருள் எந்த வகை என்று காட்டும் 4201, 4202, 4203 என்ற மூன்று எண்கள் இருக்கும். அதை விரலால் மறைத்துக்கொண்டு காட்டினாரோ என்னவோ! 4201 என்பது குதிரை, மாடு போன்ற விலங்குகளுக்குப் பூட்டும் சாமான்களுக்கான எண். பைக் சீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நீங்கள் தைத்த சீட் ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். மேலே தோல், மெழுகு நூலில் கைத்தையல். நடுவில் ஃபோம். அடியில் இரும்புத் தகடு, அதில் வண்டி பிரேமோடு முடுக்குவதற்கான போல்ட் துளைகள். மேலே எத்தனை நாள் உட்கார்ந்து தைத்திருந்தாலும், அந்தத் துளைகளைப் பார்த்ததும் அதிகாரி அதை மோட்டார் சைக்கிள் உதிரி பாகம் என்றுதான் எழுதுவார். அதற்கான எண் 8714. கைவினைப் பட்டியலில் அது இல்லை. இதில் வாதாட இடமும் குறைவு. 2024 செப்டம்பரில் கார் சீட்டுக்கு வரியை 18 சதவீதத்திலிருந்து 28 ஆக ஏற்றியபோது ஜிஎஸ்டி கவுன்சில் சொன்ன காரணமே, மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு ஏற்கெனவே 28 சதவீதம் இருக்கிறது, இரண்டும் சமமாக இருக்கட்டும் என்பதுதான். 2025 செப்டம்பர் 22 முதல் கார், மோட்டார் சைக்கிள் உதிரி பாகங்கள் 18 சதவீதத்துக்கு இறங்கிவிட்டன. உங்கள் சீட்டுக்கும் இன்று 18தான்.

ஒரு மனிதன் தன் கையால் ஊசி பிடித்துத் தைத்த பொருளும், தொழிற்சாலையில் அச்சில் வார்த்து ரெக்ஸின் போர்த்தி வரும் பொருளும் ஒரே எண்ணில், ஒரே வரியில் நிற்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் நாளை சாலையில் மறிக்கும் அதிகாரியிடம் நியாயம் பேசி உங்கள் சரக்கை மீட்க முடியாது.

கைவினைஞர் அட்டை விஷயம். ‘பெஹ்சான்’ அட்டை என்பார்கள். மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கீழ் உள்ள கைவினைப் பொருள் மேம்பாட்டு ஆணையர் அலுவலகம் தருவது. அதற்குக் கட்டணம் கிடையாது. நலத்திட்டங்களுக்கும் அரசுக் கண்காட்சிகளில் இடம் கேட்பதற்கும் உதவும், கிடைத்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வரி விஷயத்தில் அதிகாரி பார்ப்பது பொருளைத்தான், அட்டையை அல்ல. சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவும் இலவசம், ஜிஎஸ்டி பதிவுக்கும் அரசுக் கட்டணம் இல்லை. இந்த மூன்றில் எதற்காவது ‘கவர்மென்ட் பீஸ்’ என்று யாராவது கேட்டால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். படிவம் நிரப்பிக் கொடுக்கும் வேலைக்குக் கூலி வாங்குவது தவறில்லை. அதைக் கூலி என்று சொல்லி, ரசீது கொடுத்து வாங்கட்டும்.

இரண்டாவது ஆளுக்கு வருவோம். அடுத்தவர் ஜிஎஸ்டி எண்ணில் நீங்கள் பில் போட்டால், ஜிஎஸ்டி சட்டம் 122-வது பிரிவின்படி 10,000 ரூபாய் அல்லது ஏய்த்த வரி, இதில் எது அதிகமோ அது அபராதம். பில் புத்தகத்தில் கையெழுத்து உங்களுடையது, ஸ்டாலில் நின்றதும் நீங்கள். மாட்டும்போது எண்ணுக்குச் சொந்தக்காரர், ‘என் பில் புத்தகத்தைத் திருடிவிட்டான்’ என்று ஒரே வார்த்தையில் கழன்றுகொள்வார். அவர் உங்களிடமிருந்து சீட்டுகளைத் தமிழ்நாட்டிலேயே உண்மையாக விலைக்கு வாங்கி, பணத்தை வங்கி மூலம் கொடுத்து, பிறகு தன் சரக்காகத் தன் எண்ணில் பெங்களூருவில் விற்றால் அது முறையான வியாபாரம். அப்படிச் செய்யத் தயாரா என்று கேட்டுப் பாருங்கள். எண்ணை வாடகைக்கு விடுகிறவர்கள் இதற்குச் சம்மதிக்க மாட்டார்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. ‘பதிவு எடுத்துத் தருகிறேன்’ என்று ஆதார், பான், போட்டோ வாங்கிக்கொண்டு, செல்போனுக்கு வரும் ஓடிபியையும் கேட்பார்கள். அதைக் கொடுத்துவிட்டால் உங்கள் பெயரில் எங்கோ ஒரு கம்பெனி முளைக்கும், அதில் போலி பில் ஓடும். கூலி வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுக்குக் கோடிக்கணக்கில் ஜிஎஸ்டி பாக்கி என்று நோட்டீஸ் வந்த செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். அவை பெரும்பாலும் இப்படித் தொடங்கியவைதான். ஏஜென்டிடம் ஏற்கெனவே காகிதங்களைக் கொடுத்திருந்தால், இன்றே ஜிஎஸ்டி இணையதளத்துக்குப் போய் ‘சர்ச் டாக்ஸ்பேயர்’ பகுதியில் ‘சர்ச் பை பான்’ என்பதைத் திறந்து உங்கள் பான் எண்ணைப் போடுங்கள். லாகின் எதுவும் வேண்டாம். உங்கள் பான் எண்ணில் எந்தெந்த மாநிலத்தில் பதிவு இருக்கிறது என்று காட்டும். உங்களுக்குத் தெரியாத பதிவு ஒன்று இருந்தாலும் உடனே போலீஸிலும் ஜிஎஸ்டி அலுவலகத்திலும் எழுத்து மூலம் புகார் கொடுத்து, ஒப்புகை வாங்கி வையுங்கள்.

சரி, முறைப்படி எப்படி விற்பது? கர்நாடகாவில் ‘கேஷுவல் டாக்ஸபிள் பெர்சன்’ என்ற தற்காலிகப் பதிவு எடுக்க வேண்டும். அதிகபட்சம் 90 நாள் செல்லும், தேவைப்பட்டால் இன்னும் 90 நாள் நீட்டிக்கலாம். உங்கள் பான் எண்ணே போதும். ஆனால் எவ்வளவு விற்பீர்கள் என்று நீங்களே கணக்குச் சொல்லி, அதற்கான வரியை முன்பணமாகக் கட்டினால்தான் எண் கிடைக்கும். 20 சீட், 1,20,000 ரூபாய் சரக்கு என்றால் 21,600 ரூபாய். எட்டு சீட்தான் விற்றது என்று வைத்துக்கொள்வோம். வரி 8,640 ரூபாய் போக மீதி 12,960 ரூபாய் உங்களுக்குத் திரும்ப வர வேண்டும். எப்போது வரும்? அந்தப் பதிவுக்கான ரிட்டர்ன் எல்லாவற்றையும் தாக்கல் செய்து, பிறகு ரீஃபண்டுக்குத் தனியாக விண்ணப்பித்த பிறகு. ஒரு நாள் சந்தைக்குப் போன சின்னப் பட்டறைக்காரரின் தோல் வாங்கும் பணம் இப்படி மாதக்கணக்கில் முடங்குகிறது. விற்காத சீட்டுக்கு எதற்கு முன்பணம்? மாதம் கோடிக்கணக்கில் விற்கிற கம்பெனி அடுத்த மாதம் 20-ம் தேதி வரியைக் கட்டுகிறது, நீங்கள் விற்பதற்கு முன்பே கட்ட வேண்டியிருக்கிறது. இதை எத்தனை கூட்டத்தில் சொன்னாலும் கேட்பார் இல்லை.

கால அவகாசத்தையும் கவனியுங்கள். சந்தைக்கு ஐந்து நாள் முன்பு விண்ணப்பித்தால் போதும் என்கிறது சட்டம். அதை நம்பாதீர்கள். பெரிய கம்பெனி நிரப்பும் அதே படிவத்தைத்தான் நீங்களும் நிரப்ப வேண்டும், அது தமிழில் கிடையாது. வியாபாரம் நடக்கும் இடத்துக்கு ஆதாரம் கேட்பார்கள். அதற்குச் சந்தை நடத்துபவரிடமிருந்து ஸ்டால் ஒதுக்கீட்டுக் கடிதம் வாங்க வேண்டும். ‘கடிதத்தில் முத்திரை இல்லை’, ‘முகவரி பொருந்தவில்லை’ என்று ஒரு கேள்வி வந்தாலே ஒரு வாரம் போய்விடும். சிலரை நேரில் வந்து கைரேகை வைக்கவும் கூப்பிடுகிறார்கள். ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள்.

விலையையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். ‘6,000 ரூபாய், வரி உட்பட’ என்று அட்டை மாட்டினால் சுமார் 915 ரூபாய் வரிக்குப் போய்விடும், 5,085 ரூபாய்தான் உங்களுக்கு. 6,000 கையில் நிற்க வேண்டுமானால் 7,080 சொல்ல வேண்டும். சந்தையில் பேரம் பேசுகிறவர் இந்தக் கணக்கைக் கேட்க மாட்டார், நீங்கள்தான் போட்டு வைத்திருக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், முதல் தடவைக்கு இவ்வளவு பாடு வேண்டாம். உங்களுக்குத் தோலும் கையும் இருக்கிறது. வண்டியில் மாட்டும் தோல் பை, டூல் பை, பர்ஸ் என்று தைத்து எடுத்துப் போங்கள். அவை 4202-ல் வருபவை, கைவினைப் பட்டியலில் இருப்பவை. மேலே சொன்ன விலக்கு இவற்றுக்கு நேராகப் பொருந்தும். மேஜையில் ஒரே ஒரு சீட்டை வையுங்கள், ‘பார்வைக்கு மட்டும்’ என்று எழுதி. அதை யார் எவ்வளவு கொடுத்துக் கேட்டாலும் அங்கே விற்காதீர்கள். ஒரு சீட்டை விற்றாலும் விலக்கு கேள்விக்குள்ளாகும். பிடித்தவர்களின் போன் நம்பரை மட்டும் வாங்குங்கள், முன்பணம்கூட அங்கே வேண்டாம். வாணியம்பாடிக்கு வண்டியை ஓட்டி வரச் சொல்லுங்கள். அவர் உயரத்துக்கும் உட்காரும் வாகுக்கும் ஃபோமைச் சீவி, உங்கள் பட்டறையிலேயே முடுக்கிக் கொடுத்து, அங்கேயே பணம் வாங்குங்கள். பில்லில் அவருடைய பெங்களூரு முகவரியை எழுதாத வரை அது தமிழ்நாட்டில் நடந்த விற்பனை. புல்லட் வைத்திருப்பவருக்குப் பெங்களூருவிலிருந்து வாணியம்பாடி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டம்தான், சந்தோஷமாகவே வருவார். பார்சலில் அனுப்பச் சொன்னால் மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது வெளிமாநில விற்பனை, மறுபடி பதிவு வேண்டும் என்ற இடத்தில் வந்து நிற்கும்.

வருடத்துக்கு நான்கைந்து சந்தைக்குப் போகும் அளவுக்கு வியாபாரம் சூடுபிடித்தால், தமிழ்நாட்டிலேயே நிரந்தரப் பதிவு எடுப்பதைப் பற்றிப் பேசலாம். இப்போது அந்த அவசரம் இல்லை.

பைகளைக் கொண்டுபோகும்போது ஒன்றை மறந்துவிடாதீர்கள். பொதுவாக 50,000 ரூபாய்க்கு மேல் போனால்தான் இ-வே பில் என்பார்கள். கைவினை விலக்கில் வெளிமாநிலம் போகிறவருக்கு அந்த அளவு கிடையாது. ஐயாயிரம் ரூபாய் சரக்கானாலும் இ-வே பில் வேண்டும். பதிவு இல்லாதவர்களும் அதை இணையதளத்தில் எடுக்க வழி இருக்கிறது. புறப்படும் முன்பே எடுத்து, அச்சிட்டு வண்டியில் வையுங்கள். பார்வைக்கு வைக்கும் அந்த ஒரு சீட்டையும் தனித் தாளில், ‘விற்பனைக்கு அல்ல, திரும்பக் கொண்டுவரப்படும்’ என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கூடவே வையுங்கள். பதிவும் இ-வே பில்லும் இல்லாமல் இருபது சீட்டோடு மாட்டினால் வரியின் இரண்டு மடங்கு, அதாவது 43,200 ரூபாய் அபராதம் கட்டினால்தான் சரக்கு வெளியே வரும். அதுவரை சீட்டுகள் தடுத்து வைத்த வண்டியிலேயே கிடக்கும்.