அலமாரியை விட்டு இறங்கும் ஆராய்ச்சி

கேள்வி: பல்கலைக்கழக ஆராய்ச்சிகள் கட்டுரைகளாக அச்சேறுவதோடு முடிந்துவிடுகின்றன என்றே தோன்றுகிறது. அவற்றால் வெளியுலகுக்கு உண்மையில் என்ன பயன்?

பதில்: உங்கள் ஐயம் நியாயமானதே, அலமாரியை விட்டு இறங்காத ஆய்வேடுகள் ஏராளம் உண்டு. ஆனால், எது இறங்கும் என்பதை முன்கூட்டியே சொல்ல எவராலும் இயலாது. 1928இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் கண்டறிந்த பெனிசிலின் (பூஞ்சையிலிருந்து கிடைக்கும், பாக்டீரியாக்களைக் கொல்லும் பொருள்), பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பெரும்பாலும் ஆய்வகத்துக்குள்ளேயே கிடந்தது. அதை மருந்தாக்கிய பெருமை ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஃபுளோரி, செயின், ஹீட்லி ஆகியோர் அடங்கிய குழுவையே சேரும். 1940 மே மாதம் நோய்க்கிருமி செலுத்தப்பட்ட எட்டு எலிகளில், மருந்து பெறாத நான்கும் விடிவதற்குள் இறந்தன. மருந்து பெற்றவை அப்போது உயிரோடு இருந்தன. போர்க்காலத் தட்டுப்பாட்டில், நோயாளிகள் படுக்கையிலேயே மலம் கழிக்க வைக்கும் பாத்திரங்களில்கூடப் பூஞ்சையை வளர்த்தார்கள். மறு ஆண்டு, காவலர் ஒருவருக்குச் சிகிச்சை அளித்தபோது மருந்து போதாமல், அவருடைய சிறுநீரிலிருந்தே பெனிசிலினைப் பிரித்தெடுத்து மீண்டும் செலுத்தினார்கள். தேறிவந்த அந்த மனிதர், கையிருப்பு தீர்ந்தபின் இறந்துபோனார் என்பதைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

அண்மைக்கால உதாரணமும் உண்டு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கட்டலின் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மேனும் எம்ஆர்என்ஏ (புரதம் தயாரிப்பதற்கான குறிப்பைச் செல்லுக்குள் எடுத்துச்செல்லும் மூலக்கூறு) குறித்து 2005இல் வெளியிட்ட கட்டுரையை அன்று கவனித்தவர்கள் சிலரே. அந்தக் கட்டுரை 2020இல் கோவிட் தடுப்பூசிகளுக்கு அடித்தளமாக அமையப் பதினைந்து ஆண்டுகள் பிடித்தன. அந்தக் கட்டுரை 2020இல் கோவிட் தடுப்பூசிகளுக்கு அடித்தளமாக அமையப் பதினைந்து ஆண்டுகள் பிடித்தன.