பாஸ் கொடுத்தபின் என்ன செய்வது? ஃபுட்சால் கேள்வி-பதில்

கேள்வி: புல்தரையில் நன்றாக ஆடும் பிள்ளைகள், ஃபுட்சாலில் (கடினத் தரையில் அணிக்கு ஐவர் ஆடும் கால்பந்தில்) பாஸை வாங்கும்போது பந்தை நழுவ விடுகிறார்கள். ஏன்?

காலின் உட்பக்கத்தால் வாங்கிப் பழகியிருப்பார்கள். ஃபுட்சால் பந்து அதிகம் துள்ளாது. 2 மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் முதல் துள்ளலில் 65 சென்டிமீட்டருக்கு மேல் எழக்கூடாது என்பது விதி. தரையோடு உருண்டு வரும் அந்தப் பந்தை உள்ளங்காலால் அடக்குவதே வசதி. குதிகால் தாழ்ந்து, விரல்நுனி உயர்ந்து, பாதம் கூரைச் சாய்ப்புபோல இருக்கட்டும். பந்து தானே அதனடியில் வந்து அடங்கும். மேலிருந்து மிதித்தால் வழுக்கிவிடும்.

கேள்வி: பாஸ் கொடுத்ததும் அதே இடத்தில் நின்றுவிடுகிறார்கள். "ஓடு, ஓடு" என்று கத்தியும் பயனில்லை.

கத்த வேண்டாம். எங்கே ஓடுவது என்று தெரியாமல்தான் நிற்கிறார்கள். என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி அருமையாக பாஸ் கொடுப்பாள். பிறகு பந்து போய்ச் சேரும்வரை பார்த்துக்கொண்டே நிற்பாள். ஒருநாள் அவளுடைய காலணிகளை மட்டும் கவனித்தேன். பாஸ் கொடுத்தவுடன் இரண்டு குதிகால்களும் தரையில் அழுந்தி நின்றன. "உதைத்த கால் தரையில் இறங்குவதே ஓட்டத்தின் முதல் அடி" என்று அன்று சொல்லிக்கொடுத்தேன். இரண்டே வாரத்தில் ஆட்டம் மாறியது.

எந்தப் பக்கம் ஓடுவது என்பதை ஒரு சதுரமே கற்றுத்தரும். பக்கத்துக்கு 6 மீட்டர். மூவர் பந்தைக் காக்க, நடுவில் ஒருவர் பறிக்க முயலட்டும். பக்கங்கள் நான்கு, ஆட்கள் மூவர் என்பதால் ஒரு பக்கம் எப்போதும் காலி. பந்து வைத்திருப்பவருக்கு இருபுறமும் துணை இருக்கும்படி, காலியான பக்கத்தைப் பார்த்து நிரப்ப வேண்டும். பிள்ளைகள் பந்தைவிட்டுக் கண்ணை எடுக்கத் தொடங்குவது இங்கேதான்.

அடுத்தது கோட்டோர ஓட்டம். பக்கக்கோட்டருகே நிற்பவர், பின்னால் இருக்கும் தோழருக்கு பாஸ் கொடுத்துவிட்டு நடுவை நோக்கி இரண்டடி வைக்கட்டும். தடுப்பவர் கூடவே வருவார். சட்டென்று திரும்பிக் கோட்டோரமாக முன்னே பாயும்போது, பந்து கோட்டுக்கு இணையாக அவருக்கு முன்னால் வரவேண்டும். ஆளைக் கழற்றுவது அந்த இரண்டடிதான். அதில் அவசரப்பட விடாதீர்கள்.

கேள்வி: கூம்புகளை வைத்து எவ்வளவு நேரம் பயிற்சி தரலாம்?

உடலைச் சூடேற்றும் பத்து நிமிடம் போதும். கூம்பு பந்தைப் பறிக்க வராது.

கேள்வி: நெருக்கடி வந்தால் எல்லாரும் கோல்கீப்பருக்கே பாஸ் கொடுக்கிறார்கள். சரியா?

ஒருமுறை சரி. கோல்கீப்பர் பந்தை ஆடியபின், எதிரணியினர் யாரும் தொடாமல் தோழர் வேண்டுமென்றே அவருக்குத் திருப்பிக் கொடுத்து, அதை அவர் தன் பாதியில் தொட்டால் எதிரணிக்கு மறைமுக ஃப்ரீ கிக் (நேரடியாகக் கோல் அடிக்க முடியாத உதை). தன் பாதியில் அவர் பந்தை வைத்திருக்கவும் 4 விநாடிதான். பயிற்சி ஆட்டத்திலும் இவ்விரு விதிகளையும் கண்டிப்பாக அமல்படுத்துங்கள். 4 விநாடியை நீங்களே உரக்க எண்ணுங்கள்.