மெத்தோட்ரெக்ஸேட் நொதியில் அமரும் விதம்: கேள்வி பதில்

ஃபோலேட் என்ற வைட்டமினைச் செயலாக்கும் நொதியான மனித டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸில், அதைத் தடுக்கும் மருந்தான மெத்தோட்ரெக்ஸேட் எப்படிப் பிணைகிறது என்பதைப் பற்றி மட்டும் கேளுங்கள்.

பிரியா: டாக்கிங்கில் (கணினியில் பிணைப்பை ஊகிக்கும் முறை) ஃபோலேட் படுப்பது போலவே மெத்தோட்ரெக்ஸேட்டும் படுக்கிறது. நொதியின் படிக அமைப்பிலோ வளையம் தலைகீழாக இருக்கிறது. எது சரி சார்?

படிகம்தான் சரி. ஃபோலேட்டின் 4ஆம் இடத்தில் ஆக்சிஜன், மெத்தோட்ரெக்ஸேட்டில் அமினோ. அந்த அமினோ, ஐசோலூசின் 7, வேலின் 115 இரண்டின் முதன்மைச் சங்கிலிக் கார்போனில்களுக்கும் ஹைட்ரஜன் பிணைப்பு கொடுக்கிறது. ஆக்சிஜனால் அது முடியாது. எனவே மூலக்கூறின் தலைப்பக்கமான டெரிடின் வளையம் ஏறத்தாழ 180 பாகை திரும்பிவிடுகிறது. அதன் 1ஆம் இட நைட்ரஜனான என்1-உம் 2-அமினோவும் குளூட்டமேட் 30-ஐப் பிடிக்கின்றன. வால்பக்க ஆல்ஃபா கார்பாக்சிலேட் ஆர்ஜினின் 70-உடன் சேர்கிறது.

உங்கள் தவறு அநேகமாக என்1-இல் இருக்கும். கரைசலில் அதன் பி.கே.ஏ. (புரோட்டானைப் பிடித்துக்கொள்ளும் திறனின் அளவு) 5.7 அளவுதான், அதனால் மென்பொருள் புரோட்டான் போடாது. நொதிக்குள் அது 10-ஐத் தாண்டுகிறது. புரோட்டானைக் கையால் போடுங்கள். நொதியின் துணை மூலக்கூறான என்.ஏ.டி.பி.எச்.-ஐக் குழியிலிருந்து நீக்காதீர்கள்.

கார்த்திக்: ஒரு அமினோவுக்காக முழு வளையமும் திரும்புமா? படிகம் வளர்த்த நிலைமையின் விளைவாக இருக்கலாமே?

இருக்க முடியாது. வினையில் உருவாகும் டெட்ராஹைட்ரோஃபோலேட்டின் 6ஆம் கார்பனைப் பாருங்கள். மெத்தோட்ரெக்ஸேட் மாதிரி ஃபோலேட்டும் படுத்திருந்தால், என்.ஏ.டி.பி.எச். தரும் ஹைட்ரைடு மறுமுகத்தில் விழுந்து எதிர் ஐசோமர் கிடைத்திருக்கும். கிடைப்பதில்லை. படிகத்தையே பார்க்காமல் வேதியியலிலிருந்து வரும் சாட்சி இது.

கார்த்திக்: அது ஃபோலேட்டின் நிலையைத்தானே காட்டுகிறது?

ஆமாம், சரியான மறுப்பு. மெத்தோட்ரெக்ஸேட்டின் நிலைக்குப் படிகமே ஆதாரம், 1977-இல் ஈ.கோலை பாக்டீரியாவின் நொதியில் பார்த்ததுதான் மனித நொதியிலும் தெரிகிறது. இரண்டையும் சேர்த்தால்தான் "திரும்புகிறது" என்று சொல்ல முடியும்.

ரமேஷ்: நொதி 10 நானோமோலார் போட்டேன், ஐ.சி.50 (வேகத்தைப் பாதியாக்கும் தடுப்பான் செறிவு) 6 வந்தது. கே.ஐ. (தடுப்பான் எவ்வளவு இறுக்கமாகப் பிணைகிறது என்பதன் அளவு) 6 என்று எழுதலாமா?

எழுதாதீர்கள். இறுக்கமாகப் பிணையும் தடுப்பானில் ஐ.சி.50 நொதிச் செறிவின் பாதிக்குக் கீழே இறங்காது. உங்கள் 6-இல் 5 நொதியினுடையது. நொதிச் செறிவில் 10% பிழை இருந்தாலே மிச்சமுள்ள 1-இல் பாதி போய்விடும். உண்மையான கே.ஐ. பிகோமோலார் அளவில் இருக்கிறது. முதலில் மெத்தோட்ரெக்ஸேட்டைக் கொண்டே நொதியின் செயல்மையங்களை எண்ணுங்கள். மெத்தோட்ரெக்ஸேட்டின் செறிவை 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில், 302 நானோமீட்டரில், 22,100 என்ற ஒளி உறிஞ்சல் குணகத்தால் கணக்கிடுங்கள். தூளை எடைபோட்டு நம்பாதீர்கள். பிறகு, இறுக்கமான தடுப்பான்களுக்கான மாரிசன் சமன்பாட்டால் கே.ஐ.-ஐக் கணக்கிடுங்கள்.

முருகன்: அம்மாவுக்கு மூட்டுவாதம். இந்த மாத்திரையைத் தினமும் கொடுக்கலாமா ஐயா?

கூடாது. மூட்டுவாதத்துக்கு இது வாரம் ஒருமுறை மட்டும் தரப்படும் மருந்து. தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. ஏற்கெனவே கொடுத்திருந்தால் இப்போதே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

பானு: நொதி வினைபுரியும் பொருளான டைஹைட்ரோஃபோலேட்டின் பழைய கரைசலில் வேகம் குறைகிறது.

காற்றில் ஆக்சிஜனேற்றம். மெர்காப்டோஎத்தனால் சேர்த்துச் சிறு பங்குகளாக்கி, இருட்டில், மைனஸ் 80-இல் வையுங்கள்.

தேவி: நொதி 50, ஐ.சி.50 27. கே.ஐ. என்ன?

ரமேஷுக்கு எழுதியதைப் படியுங்கள்.

அருண்: என்.ஏ.டி.பி.எச். குறைவதைக் காட்டும் 340 நானோமீட்டரில் கோடு முதல் இரண்டு நிமிடம் வேகமாக இறங்கிப் பிறகு தட்டையாகிறது. தடுப்பானை நொதியோடு 15 நிமிடம் ஊறவைத்தேனே?

என்.ஏ.டி.பி.எச். எப்போது போட்டீர்கள்?

அருண்: கடைசியில், டைஹைட்ரோஃபோலேட்டுடன்.

அங்கேதான் பிசகு. அது இல்லாமல் இறுக்கமான கூட்டு உருவாகாது. நொதி, தடுப்பான், என்.ஏ.டி.பி.எச். மூன்றையும் சேர்த்து ஊறவையுங்கள், டைஹைட்ரோஃபோலேட்டால் வினையைத் தொடங்குங்கள்.