கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் வருவதற்கு முந்தைய சயின்ஸ் ஃபிக்‌ஷன் திகில் படங்களில் இன்றைக்கும் பயமுறுத்தும் படம் எது? ஏன்?

ஜான் கார்ப்பென்டர் இயக்கி 1982-இல் வந்த 'தி திங்'. கேள்வியைப் படித்ததும் வேறு எந்தப் படமும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. கல்லூரி விடுதியில் ஓர் இரவு நண்பனின் கணினியில் முதன்முதலாகப் பார்த்தேன். அப்புறம் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை.

அண்டார்க்டிகாவில் ஓர் அமெரிக்க ஆய்வு முகாம். பன்னிரண்டு ஆண்கள். பனிக்கடியில் யுகக்கணக்கில் உறைந்து கிடந்த வேற்றுக்கிரக உயிர் ஒன்று உள்ளே புகுந்துவிடுகிறது. எந்த உயிரை விழுங்குகிறதோ அதன் உருவத்தை அப்படியே எடுத்துக்கொள்ளும். முகம், குரல், பேசும் விதம், எதிலும் வித்தியாசம் தெரியாது. ஜான் டபிள்யூ. கேம்பல் 1938-இல் எழுதிய குறுநாவலின் உயிர்நாடியே இதுதான். 1951-இல் இதே கதையைப் படமாக்கியவர்கள் இந்த உருமாற்றத்தை விட்டுவிட்டார்கள். கார்ப்பென்டரும் திரைக்கதை எழுதிய பில் லங்காஸ்டரும் அதை மீட்டுக்கொண்டு வந்தார்கள்.

அந்த உயிர் முதலில் வருவது ஒரு நாயின் உருவத்தில். நிஜத்தில் அது ஜெட் என்ற ஓநாய்க் கலப்பு நாய். ஆளில்லாத வராந்தாவில் சத்தமில்லாமல் நடந்து, ஓர் அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த அறைக்குள் நுழைகிறது. உள்ளே சுவரில் ஒரு மனித நிழல் மெல்லத் தலையைத் திருப்புகிறது. திரை இருண்டுவிடுகிறது. அந்த நிழல் யாருடையது என்று படம் சொல்வதேயில்லை. அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்றே முக்கிய நடிகர்கள் அல்லாத ஒருவரை அங்கே நிற்க வைத்தார்கள்.

படம் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். இந்தப் படத்தை எடுக்கக் கார்ப்பென்டரை இழுத்ததே ரத்தப் பரிசோதனைக் காட்சிதான். கர்ட் ரஸ்ஸல் நடித்த மெக்ரெடி எல்லோரையும் கட்டிப்போட்டு, ஆளுக்குக் கொஞ்சம் ரத்தம் எடுத்து, பழுக்கக் காய்ச்சிய கம்பியை ஒவ்வொன்றிலும் வைக்கிறான். மனித ரத்தம் என்றால் சுர்ரென்று பொசுங்கும், அவ்வளவுதான். சற்றுமுன் தன் கையாலேயே சுட்டுக் கொன்றவனின் ரத்தத்தையும் சோதிக்கிறான். அது மனித ரத்தம். பிறகு கேரி என்பவரைப் பார்த்து, 'உன்னைக் கடைசியில் சோதிக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டே, கவனமில்லாமல் அடுத்த கிண்ணத்தில் கம்பியை வைக்கிறான். ரத்தம் அலறிக்கொண்டு துள்ளி எழுகிறது. நம் கண் கேரியின் மேல் இருக்கும் நேரம் பார்த்து அடிப்பதால், பத்தாவது முறை பார்க்கும்போதும் எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

உருமாற்றக் காட்சிகளை உருவாக்கிய ராப் பாட்டினுக்கு அப்போது வயது இருபத்திரண்டு. ரப்பர், பிளாஸ்டிக், ஜெல்லி, மெழுகு என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் பயன்படுத்தினார். மருத்துவர் ஓர் ஆளின் நெஞ்சில் மின்னதிர்ச்சி கொடுக்கும்போது அந்த நெஞ்சே வாய்போலத் திறந்து அவர் கைகளைக் கடித்துத் துண்டிக்குமே, அதற்கு நிஜமாகவே இரு கைகளும் இல்லாத ஒருவருக்குப் பொய்க்கைகள் பொருத்தி எடுத்தார்கள். அதே காட்சித் தொடரில் தலை பிய்ந்து கீழே இறங்குவதைப் படமாக்கும்போது, ரசாயன ஆவி தீப்பிடித்துப் பொம்மையைச் சுட்டுவிட்டது. சரிசெய்து மறுபடி எடுத்தார்கள். ஓராண்டுக்கும் மேலாக ஓய்வே இல்லாமல் உழைத்த பாட்டின், வேலை முடிந்ததும் மருத்துவமனையில் படுக்க வேண்டியதாயிற்று. நாய்க்கூண்டுக் காட்சியில் உருமாறும் உயிரைச் செய்துகொடுத்த ஸ்டான் வின்ஸ்டன், பாட்டினின் பெயர் மங்கக் கூடாது என்று தன் பெயருக்கு உரிய இடத்தைக் கேட்டு வாங்கவில்லை. படத்தின் முடிவில் அவருக்கு நன்றி மட்டும் வரும்.

வெளிப்புறக் காட்சிகளுக்குக் கனடாவின் ஸ்டூவர்ட் ஊருக்கு அருகே முகாமைக் கோடையிலேயே கட்டிவிட்டு, பனி பெய்து மூடட்டும் என்று காத்திருந்தார்கள். கதையின் தொடக்கத்தில், அந்த உயிரிடம் முன்பே சிக்கி எரிந்து கிடக்கும் நார்வேக்காரர்களின் முகாமைப் பார்ப்போம் அல்லவா? உச்சக்காட்சிக்காகக் கொளுத்திய அமெரிக்க முகாமின் மிச்சம்தான் அது. முதலில் பார்க்கும் சாம்பல் இவர்களுடைய சாம்பலே என்று தெரிந்தபின் அந்தக் காட்சியை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை.

இத்தனைக்கும் 1982 ஜூன் 25 அன்று வெளியானபோது படம் அடிவாங்கியது. இரண்டு வாரம் முன்புதான் ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' வந்திருந்தது. அன்பான வேற்றுக்கிரகவாசியைக் கொண்டாடிக்கொண்டிருந்த மக்களுக்கு இது கசந்தது. விமர்சகர்கள் அருவருப்பு என்றார்கள். கார்ப்பென்டரிடம் இருந்து அடுத்த பட வாய்ப்பும் கைநழுவியது. என்னியோ மொரிக்கோனேயின் அந்த ஒற்றைத் துடிப்பு இசை மோசமான இசைக்கான ராஸி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது! இந்தப் படத்துக்காக அவர் எழுதிப் பயன்படாமல் போன சில பகுதிகள் பின்னாளில் 'தி ஹேட்ஃபுல் எய்ட்' படத்தில் இடம்பெற்றன. அந்தப் படத்தின் இசைக்கு 2016-இல் ஆஸ்கர் வாங்கினார்.

வீடியோ கேசட்டிலும் தொலைக்காட்சியிலும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ரசிகர்கள் சேர்ந்தார்கள். இன்று தென்துருவத்தில் உள்ள அமுண்ட்சன்-ஸ்காட் நிலையத்தில், கடைசி விமானம் கிளம்பிப் போனதும் குளிர்காலத்துக்குத் தங்குபவர்கள் இந்தப் படத்தைச் சேர்ந்து பார்ப்பது வழக்கம். அடுத்த பல மாதங்களுக்கு அந்த அறையில் உள்ள முகங்கள் மட்டும்தான் அவர்களுக்கு.

புதிதாகப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் ஒன்று: ஆரம்பத்தில் ஒரு நார்வேக்காரர் தன் மொழியில் ஏதோ கத்துவார். அதன் பொருளைத் தேடாதீர்கள். அங்கிருக்கும் யாருக்கும் அது புரியாது, உங்களுக்கும் புரியாமலே இருக்கட்டும்.