லிம் சோங் யூ கட்சி தாவினாரா?

அன்புள்ள ஐயா,

மலேசியாவின் பினாங்கு மாநிலம் பற்றிய உங்கள் குறிப்பில் முன்னாள் முதலமைச்சர் லிம் சோங் யூவைப் ‘பெரிய மனிதர்’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எதிர்க்கட்சியாக ஓட்டு வாங்கி ஜெயித்து, மூன்றே வருடத்தில் ஆளுங்கட்சியோடு கைகோத்தவர் அல்லவா அவர்? நம்மூரில் இதைக் கட்சித் தாவல் என்போம். இன்னொரு சந்தேகம். மலாய்க்காரர் பெரும்பான்மையாக உள்ள நாட்டில், அந்த மாநிலத்தில் மட்டும் எப்போதும் சீனரே முதலமைச்சராக இருப்பது எப்படி? சட்டமே அப்படியா?

ர., மதுரை

அன்புள்ள ர.,

சட்டம் அப்படியில்லை. சுல்தான்கள் உள்ள மாநிலங்களில்தான் மந்திரி பெசார் (அங்கே முதலமைச்சருக்கு அதுதான் பெயர்) மலாய் முஸ்லிமாக இருக்க வேண்டும் என்ற விதி உண்டு. பினாங்கில் சுல்தான் கிடையாது, ஆளுநர்தான்; அதனால் அந்த விதியும் இல்லை. சபாவிலும் சீனர்கள் முதலமைச்சர்களாக இருந்திருக்கிறார்கள். ஆனால் 1957 முதல் இடைவெளியே இல்லாமல் என்றால் பினாங்கு மட்டும்தான். அது சட்டத்தால் வந்ததல்ல, அரசியல் கணக்கால் வந்தது. அந்தக் கணக்குக்குக் கடைசியில் வருகிறேன்.

லிம் கோலாலம்பூரில் இருந்த மத்திய ஆட்சியோடு மோதிப் பார்க்காதவர் அல்ல. எடின்பரோவில் மருத்துவம் படித்த பினாங்குக்காரர். 1958இல், ஆளுங்கூட்டணியில் இருந்த மலாயா சீனர் சங்கம் என்ற கட்சியின் தலைவர் தேர்தலில் டான் செங் லோக்கைத் தோற்கடித்தார். அந்தக் கட்சியைத் தொடங்கியவரே டான் செங் லோக்தான்! மறுவருடம் பொதுத்தேர்தல் வந்தது. 104 தொகுதிகளில் 40 எங்களுக்கு வேண்டும் என்றார் லிம். கூட்டணித் தலைவர் துங்கு அப்துல் ரஹ்மான் மசியவில்லை. சொந்தக் கட்சியிலேயே ஒரு கூட்டம் துங்கு பக்கம் சாய்ந்தது. லிம் பதவியை விட்டு இறங்கினார். பிறகு அவர் ஆரம்பித்த ஐக்கிய ஜனநாயகக் கட்சிக்கு 1964இல் நாடாளுமன்றத்தில் கிடைத்தது ஒரே ஓர் இடம். 1972இல் அவர் ஆளுங்கட்சியோடு சேர்ந்ததைப் புரிந்துகொள்ள இந்தத் தோல்விகளும் கணக்கில் வர வேண்டும்.

1968இல் சையது ஹுசைன் அலாதாஸ், டான் சீ கூன் போன்றவர்களோடு சேர்ந்து கெராக்கான் கட்சியைத் தொடங்கினார். எல்லா இனத்தவருக்குமான கட்சி என்றார்கள். 1969 மே 10 தேர்தலில் பினாங்குச் சட்டமன்றத்தின் 24 இடங்களில் 16 கெராக்கானுக்கு. மூன்றாம் நாள் கோலாலம்பூரில் இனக்கலவரம். நாடாளுமன்றம் முடக்கப்பட்டது. முதலமைச்சரான லிம்மின் கைக்கு வந்த பினாங்கோ, தீர்வையற்ற துறைமுகம் என்ற பழைய தகுதியை இழந்து, வேலையில்லாத இளைஞர்களால் நிரம்பிக் கிடந்தது.

மலேசியாவில் நிலம் மாநிலத்தின் கையில். சுங்கவரி, வரிச்சலுகை, தொழில் உரிமம் எல்லாம் மத்திய அரசிடம். பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலைக்கு இடம் கொடுக்க லிம்மால் முடியும். வரியில்லாமல் பாகங்களைக் கொண்டுவந்து பொருத்தி ஏற்றுமதி செய்ய அனுமதி தர முடியாது. அது இல்லாமல் எந்த அமெரிக்கக் கம்பெனி வரும்? இதற்கிடையே கட்சியும் உடைந்தது, டான் சீ கூன் வெளியேறினார், லிம்மின் பெரும்பான்மை ஆட்டம் கண்டது. ஆக, 1972இல் ஆளுங்கூட்டணியோடு சேர்ந்ததில் பினாங்கின் தேவையும் இருந்தது, நாற்காலியின் தேவையும் இருந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. அதே வருடம் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக மண்டலம் தொடங்கியது. இன்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையை பினாங்கில் திறந்தது.

தாவல் என்று சொல்லுங்கள், மறுக்க மாட்டேன். என் குறை வேறு. அந்தத் தொழிற்சாலைகளில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் கிராமத்திலிருந்து வந்த இளம்பெண்கள். மின்னணுத் தொழிலாளர்கள் தேசிய அளவில் சங்கம் வைக்க மத்திய அரசு நெடுங்காலம் அனுமதிக்கவில்லை. பினாங்கு அதற்காகப் பெரிதாகச் சண்டை போட்டதாகத் தெரியவில்லை. பழைய கடைவீடுகளை இடித்து எழுப்பிய கொம்தார் கோபுரத்தையும் எனக்குப் பிடிக்காது. இருந்தாலும் ‘பெரிய மனிதர்’ என்று எழுதியதை மாற்றப் போவதில்லை.

சரி, உங்கள் இரண்டாவது கேள்வி. 1990இல் லிம் சொந்தத் தொகுதியான பாடாங் கோத்தாவில் எதிர்க்கட்சித் தலைவர் லிம் கிட் சியாங்கிடம் 706 ஓட்டில் தோற்றார். 21 வருட ஆட்சி முடிந்தது. சட்டமன்றத்தின் மொத்தம் 33 இடங்களில், ஆளுங்கூட்டணியின் மலாய்க்காரர் கட்சியான அம்னோவுக்கு 12, கெராக்கானுக்கு 7, எதிர்க்கட்சியான ஜனநாயகச் செயல் கட்சிக்கு 14. கூட்டணிக்குள் பெரிய கட்சி அம்னோதான். ஆனாலும் முதலமைச்சரானது கெராக்கானின் கோ சூ கூன். அம்னோ அந்த நாற்காலியை எடுத்திருந்தால், சீன ஓட்டில் மிஞ்சியதும் எதிர்க்கட்சிக்குப் போயிருக்கும். அது அம்னோவுக்கு நன்றாகவே தெரியும்.