குமிழை நூலளவு திருப்பினாலே வீடு அதிருது!

(ஆம்ப்ளிஃபயர், மைக்செட் சந்தேகங்களுக்கு தர்மபுரி நாலு ரோடு பக்கம் ரிப்பேர் கடை வைத்திருப்பவர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: அப்பாவின் பழைய பிரீஆம்ப் (சிக்னலை முதலில் வாங்கிப் பெருக்கும் பகுதி) செட்டில் கம்ப்யூட்டரை ஆக்ஸ் (வெளிக் கருவிகளுக்கான ஓட்டை) வழியாக இணைத்தேன். குமிழை நூலளவு திருப்பினாலே வீடு அதிர்கிறது, இடது பக்கம் மட்டும் தூக்கலாகக் கேட்கிறது. உச்சஸ்தாயியில் கரகரப்பு வேறு. கம்ப்யூட்டரில் வால்யூமைக் குறைத்தால் ‘உஸ்’ என்ற இரைச்சல். நல்ல கேபிள் வாங்கினால் சரியாகுமா?
– வாசகர், காரிமங்கலம்

பதில்: கேபிள் காசை மிச்சம் பிடியுங்கள். அந்தக் காலத்து செட்டுகளில் ஆக்ஸுக்கு 150, 200 மில்லிவோல்ட் வந்தாலே முழு பலத்தில் பாடும். சிடி பிளேயர் வந்த பிறகு 2 வோல்ட் வழக்கமாகிவிட்டது. சவுண்ட் கார்டும் முழு வால்யூமில் 1 முதல் 2 வோல்ட் வரை தள்ளும். சொட்டுநீர்க் குழாயில் போர் மோட்டாரை நேராக மாட்டின கதைதான்.

பழைய பிரீஆம்ப் பலவற்றில் குமிழ் இருப்பது முதல் டிரான்சிஸ்டருக்குப் பின்னால். அந்த டிரான்சிஸ்டர் வாசலிலேயே திணறிவிட்டால் அப்புறம் குமிழைக் குறைத்து என்ன பயன்? கரகரப்பு அதனால்தான். இடது தூக்கலுக்கும் காரணம் உண்டு: குமிழின் ஆரம்பத்தில் இரண்டு பக்கமும் சமமாக இருப்பது அபூர்வம். கம்ப்யூட்டரில் குறைத்தால் பாட்டு மட்டும் குறையும், சவுண்ட் கார்டின் சொந்த இரைச்சல் அப்படியே நிற்கும். அதைத்தான் ‘உஸ்’ என்கிறீர்கள்.

முதலில் அளந்து பாருங்கள். கேபிளை ஆம்பிலிருந்து கழற்றிவிட்டு, ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் 50 ஹெர்ட்ஸ் டோன், ஆம்ப்ளிட்யூட் 1 என்று உருவாக்கி முழு வால்யூமில் ஓட விட்டு, கேபிள் முனையில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பாருங்கள். சாதாரண மீட்டர் வீட்டுக் கரண்டை அளக்கச் செய்தது; 1000 ஹெர்ட்ஸில் அதை நம்ப முடியாது. சந்தையில் கிடைக்கிற சின்ன மஞ்சள் மீட்டரும் வேண்டாம். அதில் ஏசிக்குக் கீழ் ரேஞ்சே 200 வோல்ட். ஒரு வோல்ட்டெல்லாம் அதற்குத் தூசு.

2 வோல்ட் காட்டினால் பக்கத்துக்கு இரண்டு கால் வாட் ரெசிஸ்டர் போதும். சிக்னல் வழியில் 10 கே ஓம் (பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு). அதைத் தாண்டி, ஆம்ப் பக்கத்தில், சிக்னலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 1 கே (பழுப்பு, கறுப்பு, சிவப்பு). பதினொன்றில் ஒரு பங்குதான் உள்ளே போகும், அதாவது சுமார் 180 மில்லிவோல்ட். 1 வோல்ட்தான் வருகிறதென்றால் 1 கேக்குப் பதில் 2.2 கே. ஆர்சிஏ பின்னின் மூடிக்குள்ளேயே சால்டர் வைத்துவிடலாம். ஆம்பில் செருகுகிற பின்னாக இருக்கட்டும். ரெசிஸ்டர்களைப் பத்துப் பத்தாக வாங்கி, மீட்டரில் ஒரே அளவு காட்டுகிற ஜோடியைப் பொறுக்குங்கள். பிறகு கம்ப்யூட்டர் வால்யூமை முழுதாக வைத்துக் குமிழைத் தாராளமாகத் திருப்பலாம்.

‘போனோ’ என்று எழுதிய ஓட்டையில் மட்டும் செருகிவிடாதீர்கள். அது ரெக்கார்ட் பிளேயர் ஊசியின் 5 மில்லிவோல்ட்டுக்கானது, பேஸையும் ஏற்றிவிடும். கடை போட்ட புதிதில் இருட்டில் தடவி அதில் செருகி, வாடிக்கையாளரின் ஊஃபர் காகிதத்தைக் கிழித்திருக்கிறேன். புது ஊஃபர் என் செலவு.

கேள்வி: தாத்தா பாடிய பாரதக் கூத்து கேசட்டுகளை லேப்டாப்பில் ஏற்றுகிறேன். முகவீணை வந்தாலே சத்தம் கிழிகிறது.
– வாசகர், பாலக்கோடு

பதில்: கேசட் டெக்கின் லைன் அவுட்டை லேப்டாப்பின் மைக் ஓட்டையில் கொடுத்திருப்பீர்கள். மைக்குக்குச் சில மில்லிவோல்ட் போதும். டெக் தருவது அதைப் போல நூறு மடங்கு. டெஸ்க்டாப்பில் இளஞ்சிவப்பு மைக், நீலம் லைன் இன். லேப்டாப்பில் நீலமே கிடையாது, அதனால் லைன் இன் உள்ள யூஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்று வாங்கிவிடுங்கள். முகவீணை உச்சத்துக்குப் போகிற இடத்தை முதலில் ஓட விட்டு, ஆடாசிட்டி மீட்டர் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி ரெக்கார்டிங் அளவை வையுங்கள். மிருதங்கத்தை வைத்து அளவு பிடித்தால் ஏமாந்துவிடுவீர்கள். படுகளக் (துரியோதனன் விழும் கட்டம்) கேசட் இருந்தால் அதை முதலில் ஏற்றுங்கள். பழைய டேப், எப்போது அறும் என்று சொல்ல முடியாது.

கேள்வி: லேப்டாப்பை ஆம்பில் மாட்டினால் ‘ங்ங்’ என்று முனகுகிறது.
– வாசகர், ஊத்தங்கரை

பதில்: சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். முனகல் நின்றால் சார்ஜர் எர்த்தும் ஆம்ப் எர்த்தும் சிக்னல் கேபிள் வழியாகச் சேர்ந்து ஒரு வளையமாகிவிட்டது என்று அர்த்தம். அந்தக் கேபிளுக்கு நடுவே ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள். எர்த் பின்னை வெட்டச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.