மறைந்து நிற்கும் காவல் வாகனங்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சாதாரணக் காரைப் போலத் தோற்றமளிக்கும் வாகனத்தில் மஃப்டியில் இருந்துகொண்டு, வேகமாகச் செல்பவர்களைக் காவலர்கள் பிடிப்பது நேர்மையான செயலா? தவறு நடக்காமல் தடுப்பதுதானே அவர்கள் வேலை? நடக்கும்வரை ஒளிந்திருந்து காத்திருப்பது எப்படி நியாயமாகும்?

பதில்: உங்கள் மனத்தாங்கலுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1829இல் ராபர்ட் பீல் லண்டன் மாநகரக் காவல் படையை உருவாக்கியபோது, அரசு தங்களை வேவு பார்க்க ஆள் வைக்கிறது என்ற அச்சம் மக்களிடம் பரவலாக இருந்தது. அந்த அச்சத்தைப் போக்குவதற்காகவே, யாரும் தொலைவிலிருந்தே அடையாளம் காணக்கூடிய நீலச் சீருடை காவலர்களுக்கு அளிக்கப்பட்டது. பணிநேரம் முடிந்த பிறகும் அதை அணிந்திருக்க வேண்டும் என்றுகூடத் தொடக்கத்தில் விதி இருந்தது. சாதாரண உடையில் துப்புத் துலக்கும் சிறு பிரிவு ஒன்று 1842இல்தான் அமைந்தது. ஆகவே, அடையாளத்தை மறைத்துக்கொள்ளும் காவலரைக் கண்டு மக்கள் முகம் சுளிப்பது இன்று நேற்று தோன்றியதல்ல. அதைச் சட்டத்தை மதிக்காதவர்களின் மனப்போக்கு என்று ஒதுக்கிவிடவும் கூடாது.

இருந்தாலும், சாலைக் குற்றங்களில் சில, காவலரின் கண் எதிரே நடப்பதே இல்லை. நெடுஞ்சாலையில் வண்ணப் பட்டைகள் தீட்டிய ரோந்து வாகனம் ஒன்று தென்பட்டதும் என்ன நடக்கிறது என்று கவனித்துப் பாருங்கள். முன்னே செல்லும் வாகனங்களின் பின்விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிவக்கின்றன. முன் வண்டியை உரசுவதுபோல் ஒட்டிக்கொண்டு சென்றவர் இடைவெளி விடுகிறார். காதோடு இருந்த செல்பேசி மடிக்கு இறங்குகிறது. ரோந்து வாகனம் அடுத்த பிரிவில் திரும்பிப் போன சில நிமிடங்களில் எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது. வண்டி ஓட்டும்போது குறுஞ்செய்தி அனுப்புபவரை அடையாளம் தெரியும் வாகனத்திலிருந்து கையும் களவுமாகப் பிடிப்பது ஏறக்குறைய முடியாத காரியம்.

இதற்கு இங்கிலாந்தில் 2015 முதல் கையாளப்படும் ஒரு முறை எனக்குச் சரியாகப் படுகிறது. அங்குள்ள நெடுஞ்சாலை நிர்வாகம், காவல் துறையின் அடையாளம் ஏதும் இல்லாத கனரக லாரிகளைக் காவலர்களின் பயன்பாட்டுக்குக் கொடுக்கிறது. லாரியின் இருக்கை உயரமானது என்பதால், அதில் அமர்ந்திருக்கும் காவலரால் பக்கத்தில் செல்லும் கார்களின் உள்ளேயும் மற்ற லாரி ஓட்டுநர்களின் கைகளையும் தெளிவாகப் பார்க்க முடிகிறது. அவர் படம் பிடித்துக்கொண்டு, பின்னால் வரும் ரோந்து வாகனத்துக்குத் தகவல் சொல்கிறார். வண்டியை நிறுத்துவது அந்த ரோந்து வாகனம்தான். இந்த வேலைப் பிரிவினையில்தான் உங்கள் கேள்விக்கான என் விடை இருக்கிறது. பார்ப்பவர் மறைந்திருக்கலாம், நிறுத்துபவர் மறைந்திருக்கக் கூடாது.

பல நாட்டுச் சட்டங்களும் இந்த எல்லையை ஏதோ ஒரு வகையில் வகுத்துள்ளன. பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 163ஆவது பிரிவு, வாகனத்தை நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தைச் சீருடையில் இருக்கும் காவலருக்கு அளிக்கிறது. இந்தியாவின் மோட்டார் வாகனச் சட்டம் 130ஆவது பிரிவில், சீருடை அணிந்த காவல் அலுவலர் கேட்டால் ஓட்டுநர் உரிமத்தைக் காட்ட வேண்டும் என்கிறது. கலிபோர்னியா இன்னும் ஒரு படி மேலே போய், போக்குவரத்து விதிகளைச் செயல்படுத்துவதையே முதன்மைப் பணியாகக் கொண்ட அலுவலர் முழுச் சீருடையில் இருக்க வேண்டும், அவருடைய வாகனமும் தனித்து அடையாளம் தெரியும் நிறத்தில் இருக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது.

இத்தகைய எல்லை ஏட்டில் மட்டும் இருந்தால் என்ன நேரும் என்பதற்கு 1996இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த விரென் வழக்கு எடுத்துக்காட்டு. வாஷிங்டனில் மஃப்டியில் இருந்த போதைத் தடுப்புக் காவலர்கள், ஒரு வாகனம் நிறுத்தக் குறியீட்டின் அருகே இருபது வினாடிகளுக்கு மேல் நின்றதையும், பின்னர் சைகை காட்டாமல் திரும்பி வேகமெடுத்ததையும் கண்டு அதை நிறுத்தினார்கள். உள்ளே போதைப்பொருள் இருந்தது. பிறருடைய பாதுகாப்புக்கு உடனடி ஆபத்து இருந்தாலொழிய, அடையாளமில்லாத வாகனத்தில் செல்லும் மஃப்டி காவலர்கள் போக்குவரத்துக் குற்றங்களுக்காக வண்டிகளை நிறுத்தக் கூடாது என்று அந்நகரக் காவல் துறையின் சொந்த விதியே சொன்னது. ஆயினும் போக்குவரத்து விதி மீறப்பட்டது உண்மை என்பதால் நிறுத்தியது செல்லும் என்று நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் சைகை விளக்குப் போடாத சிறு பிழையைச் சாக்காக வைத்து, வேறு காரணத்துக்காக யாரையும் நிறுத்தலாம் என்ற நிலை வந்தால், நிறுத்தப்படும் ஒவ்வொருவரும் உண்மையான காரணம் என்னவோ என்று சந்தேகப்படத்தான் செய்வார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மறைந்திருந்து பார்ப்பது வேறு, தவறு செய்யத் தூண்டுவது வேறு. பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்து, பயத்தில் ஒருவர் வேகத்தைக் கூட்டியதும் சுழல் விளக்கைப் போடும் வாகனத்தை எந்த வாதத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

கேள்வி: இப்படிப் பிடிப்பதால் விபத்துகள் உண்மையிலேயே குறைகின்றனவா?

பதில்: வேகம் குறைந்தால் சாவு குறையும் என்பதில் ஐயமில்லை. சுவீடன் ஆய்வாளர் யோரான் நீல்சன் வகுத்த கணக்கின்படி, ஒரு சாலையில் சராசரி வேகம் 1 சதவீதம் குறைந்தால் உயிரிழப்பு விபத்துகள் ஏறத்தாழ 4 சதவீதம் குறைகின்றன. அந்த வேகக் குறைவை எந்த வகை வாகனம் கொண்டுவருகிறது என்பதுதான் கேள்வி.

பிடிபடுவது உறுதி என்ற எண்ணம் கடுமையான தண்டனையைவிடக் குற்றத்தைத் தடுக்கும் என்று இத்தாலியச் சிந்தனையாளர் பெக்காரியா 1764இலேயே எழுதினார். அந்த எண்ணத்தை மிக வெற்றிகரமாக விதைத்த முயற்சிகளில் ஒன்று ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1982 டிசம்பரில் தொடங்கியது. சந்தேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எந்த ஓட்டுநரையும் நிறுத்தி, மூச்சுக்காற்றில் மது இருக்கிறதா என்று சோதிக்கும் அதிகாரம் காவலர்களுக்கு அப்போது கிடைத்தது. அவர்கள் அதை மறைவாகச் செய்யவில்லை. எல்லோர் கண்ணிலும் படும்படி, முக்கியச் சாலைகளில், பெரும் விளம்பரத்தோடு செய்தார்கள். சாலை உயிரிழப்பு வெகுவாகக் குறைந்தது. சோதிக்கப்பட்டவர்களைவிட, மற்றவர்கள் சோதிக்கப்படுவதைப் பார்த்துக்கொண்டே கடந்து சென்றவர்கள் பல மடங்கு அதிகம் அல்லவா?

எனவே கண்ணுக்குத் தெரியும் காவலுக்குத்தான் முதலிடம் என்பேன். ஆனால் அதற்கும் ஒரு குறை உண்டு. நிலையான வேகக் கேமராவுக்கு முன்னால் பிரேக் பிடித்து, அதைத் தாண்டியதும் மீண்டும் ஆக்சிலரேட்டரை மிதிக்கும் பழக்கம் உலகெங்கும் இருக்கிறது. காவல் எங்கே இருக்கிறது என்று திட்டவட்டமாகத் தெரிந்துவிட்டால் அது இல்லாத இடமும் தெரிந்துவிடுகிறது. அடையாளமில்லாத வாகனம் இந்தக் கணக்கைக் குலைக்கிறது. முன்னால் செல்வது எந்த வண்டியாகவும் இருக்கலாம் என்ற எண்ணம் சாலை முழுவதற்கும் பரவுகிறது. அதற்கும் அவை ஓடுவது மக்களுக்குத் தெரிந்தாக வேண்டும். இத்தகைய வாகனங்கள் ஓடுகின்றன என்பதை அறிவிக்காமலே ஓட்டினால் அபராதம் கிடைக்குமே தவிர, யாருடைய வேகமும் குறையாது. வாகனம் மறைவாக இருக்கலாம், திட்டம் மறைவாக இருக்கக் கூடாது.

காலதாமதத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். மறைவான கேமரா படமெடுத்து, நோட்டீஸ் பல நாள் கழித்து வீட்டுக்கு வரும்போது, ஆபத்தாக ஓட்டியவர் அன்று அப்படியே தொடர்ந்து ஓட்டிப் போயிருப்பார். அந்த இடத்திலேயே நிறுத்தப்பட்டவருக்கோ அந்தப் பயணமே மாறிவிடுகிறது.

கேள்வி: இதெல்லாம் கஜானாவை நிரப்பும் வசூல் வேட்டை என்கிறார் என் நண்பர்.

பதில்: உங்கள் நண்பரின் சந்தேகம் சில இடங்களில் உண்மையாகவே இருந்திருக்கிறது. அமெரிக்காவின் ஃபெர்குசன் நகரைப் பற்றி அந்நாட்டு நீதித் துறை 2015இல் வெளியிட்ட அறிக்கை, அங்கே காவல் பணி பாதுகாப்பைவிட வருவாயை நோக்கியே நடத்தப்பட்டது என்று கண்டது. மக்களுக்கும் காவலர்களுக்கும் இடையே அங்கு ஆழ்ந்த அவநம்பிக்கை நிலவியது.

பிரான்ஸில் 2013 முதல் அடையாளமில்லாத கார்களில் வேக ரேடார் பொருத்தப்பட்டு, போக்குவரத்தோடு போக்குவரத்தாக அவை ஓடுகின்றன. 2018இல் அவற்றில் சிலவற்றை ஓட்டும் வேலை தனியாரிடம் கொடுக்கப்பட்டது. படங்களைச் சரிபார்த்து அபராதம் விதிப்பது அரசின் கையில்தான் இருந்தது. ஆனால் அந்த விளக்கம் யார் மனத்திலும் பதியவில்லை. அதே ஆண்டில் கிராமப்புறச் சாலைகளின் வேக வரம்பு மணிக்கு 80 கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டது. எரிபொருள் வரி உயர்வை எதிர்த்து மஞ்சள் அங்கிப் போராட்டமும் வெடித்தது. 2019 ஜனவரியில், நாட்டின் நிலையான ரேடார்களில் ஏறத்தாழ 60 சதவீதம் சேதப்படுத்தப்பட்டிருப்பதாக உள்துறை அமைச்சரே கூறினார். கருவிகளை உடைத்ததை நான் ஆதரிக்கவில்லை; உயிர் காக்கும் கருவி ஒன்றை மக்கள் வசூல் பெட்டியாகப் பார்க்கத் தொடங்கினால் எவ்வளவு தூரம் போவார்கள் என்பதைத்தான் சொல்கிறேன். அபராதத் தொகை எங்கே போகிறது என்று ஆண்டுதோறும் கணக்கு வெளியிடுவதும், பிடித்த எண்ணிக்கையை வைத்துக் காவலரின் திறமையை அளக்காமல் இருப்பதும் இதற்கு மருந்து.

கேள்வி: எதிரே வரும் வண்டிகளுக்கு முகப்பு விளக்கைச் சிமிட்டி, போலீஸ் நிற்பதைச் சொல்வது குற்றமா?

பதில்: இடத்துக்கு இடம் சட்டம் மாறுகிறது. 2014இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம், அப்படிச் சிமிட்டியவர்களைத் தண்டிக்க நகர நிர்வாகத்துக்குத் தடை விதித்தது. சில நாடுகளில் அது காவலர் பணிக்கு இடையூறாகக் கருதப்படும். சட்டம் எதுவானாலும், எதிரே வருபவர் போதையில் ஓட்டுகிறாரா, யாரையாவது கடத்திக்கொண்டு போகிறாரா என்பது உங்களுக்குத் தெரியாது என்பதால், செய்யாதிருப்பதே நல்லது.

கேள்வி: என் தந்தை போக்குவரத்துக் காவலர். நாள் முழுவதும் வசவு வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார். மக்கள் ஏன் காவலர்களை இப்படி வெறுக்கிறார்கள்?

பதில்: உங்கள் கடிதம் என்னை வருந்தச் செய்தது. பெரும்பாலான மக்கள் காவலரை நேருக்கு நேர் சந்திப்பது சாலையில்தான். அதுவும் தவறு செய்து மாட்டிக்கொண்ட நேரத்தில், அவமானமும் அவசரமும் கலந்த மனநிலையில். அந்த ஒரு சந்திப்பை வைத்தே முழுத் துறையையும் எடைபோட்டுவிடுகிறார்கள். அமெரிக்க உளவியலாளர் டாம் டைலர் 1990 முதல் வலியுறுத்திவரும் கருத்து இங்கே பொருந்தும்: அபராதம் விதிக்கப்பட்டதா இல்லையா என்பதைவிட, தம்மை நியாயமாக நடத்தினார்களா என்பதை வைத்தே மக்கள் காவலரை மதிப்பிடுகிறார்கள்.

இதை ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2009, 2010 ஆண்டுகளில் சோதித்துப் பார்த்தார்கள். மதுச் சோதனை நடந்த 60 இடங்களில் பாதியில், ஏன் நிறுத்துகிறோம், இது எல்லோருக்கும் பொதுவானது, உங்கள் கருத்தையும் சொல்லலாம் என்று காவலர்கள் முன்கூட்டியே வகுத்த முறையில் சற்று நேரம் பேசினார்கள். அப்படிப் பேசப்பட்டவர்களிடம் காவல் துறை மீதான மதிப்பு கூடுதலாக இருந்தது. ஆனால் ஸ்காட்லாந்தில் இதையே செய்து பார்த்தபோது பலன் கிடைக்கவில்லை; காவலர் மீதான நம்பிக்கை சற்றுக் குறையக்கூடச் செய்தது. காவலர்களே அந்த முறையில் மனம் ஒன்றவில்லை என்பது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. ஒப்பிக்கப்படும் மரியாதைக்கும் உள்ளிருந்து வரும் மரியாதைக்கும் உள்ள வேறுபாடு ஓட்டுநருக்குத் தெரிந்துவிடுகிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். மேலதிகாரிகளிடம் மரியாதை கிடைக்காத காவலர், சாலையில் அதை எப்படித் தருவார் என்பதையும் துறை யோசிக்க வேண்டும்.

மக்கள் பக்கமும் கடமை இருக்கிறது. ஓரமாக நிற்கும் காவலரை வேகமாகக் கடக்கும் வாகனங்கள் மோதிக் கொல்வதைத் தடுக்க, அமெரிக்காவின் 50 மாநிலங்களும் அடுத்த தடத்துக்கு விலகியோ வேகத்தைக் குறைத்தோ செல்ல வேண்டும் என்று சட்டம் இயற்றியுள்ளன. முன்கூட்டித் தெரியும் பட்டைகள் இல்லாத வாகனத்தின் அருகே நிற்கும் காவலருக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல். உங்கள் தந்தை அப்படிப்பட்ட வாகனத்தில் பணிபுரிந்தால், ஒளிரும் மேலங்கி இல்லாமல் சாலையில் இறங்க வேண்டாம் என்று அவரிடம் வற்புறுத்திச் சொல்லுங்கள்.

கேள்வி: இரவில் தனியாக ஓட்டும் பெண் நான். அடையாளமில்லாத கார் ஒன்று விளக்கைச் சுழற்றி நிறுத்தச் சொன்னால், அது உண்மையான போலீஸ்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: உங்கள் அச்சம் முற்றிலும் நியாயமானது. 2021 மார்ச்சில் லண்டனில், காவல் துறையில் வேலை பார்த்துவந்த ஒருவரே, பணிநேரத்தில் இல்லாதபோது தம் அடையாள அட்டையைக் காட்டிக் கைது செய்வதுபோல் நடித்து, ஓர் இளம்பெண்ணைக் கடத்திக் கொன்றார். அதன் பிறகு அந்நகரக் காவல் துறை, தனியாக இருக்கும் பெண்ணை மஃப்டியில் தனியாக அணுகும் காவலர், கட்டுப்பாட்டு அறையைக் காணொளி அழைப்பில் இணைத்துத் தம்மை உறுதிப்படுத்த வேண்டும் என்று அறிவித்தது. எல்லாக் காவல் துறைகளும் இதைப் பின்பற்ற வேண்டும் என்று விரும்புகிறேன்.

நீங்கள் செய்ய வேண்டியது: வேகத்தைக் குறைத்து, அபாய விளக்குகளைப் போட்டு, நீங்கள் கவனித்துவிட்டதைக் காட்டுங்கள். தப்பி ஓடுவதாகத் தோன்றும்படி வேகமெடுக்காதீர்கள். இருட்டான இடத்தில் நிற்காமல், வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள இடம்வரை மெதுவாகச் செல்லுங்கள். கதவுகளைப் பூட்டிக்கொண்டு, குரல் கேட்கும் அளவுக்கு மட்டும் கண்ணாடியை இறக்குங்கள். வண்டி நின்றதும் அவசர எண்ணை அழைத்து, இடத்தையும் பின்னால் நிற்கும் வாகனத்தின் பதிவெண்ணையும் சொல்லி, அது காவல் துறை வாகனம்தானா என்று கேளுங்கள். அழைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பதை வந்தவரிடமும் சொல்லிவிடுங்கள். உண்மையான காவலர் அதற்காகக் கோபப்பட வேண்டிய தேவையே இல்லை. கோபப்பட்டால், உறுதியான பதில் வரும்வரை இணைப்பைத் துண்டிக்காமலும் கதவைத் திறக்காமலும் இருங்கள்.